முழங்காலுக்கு வந்தவள்

மார்ச் 9

அன்புள்ள ஹெட்மாஸ்டருக்கு,

நான் நலம். என் வலது முழங்காலும் என்னோடு சேர்ந்து நலம். நீ நல்லபடியாக ஹாஸ்டல் போய்ச் சேர்ந்தாயா? உன் வார்டு நோயாளிகள் மூன்று வாரம் உன் அதட்டல் இல்லாமல் கொழுத்துப் போயிருப்பார்களே?

ஃபோன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்பாய். ஃபோனில் எனக்கு “சாப்பிட்டியா, சரி, வச்சிடறேன்” என்பதற்கு மேல் பேச்சு வராது. காகிதத்தில் கொஞ்சம் மனுஷியாக இருப்பேன்.

நேற்று வேலைக்குப் போனேன். ஆய்வகத்தில் ஒரே கேலி. “தண்ணியை டெஸ்ட் பண்ணச் சொன்னா, தொட்டிப் படியை டெஸ்ட் பண்ணிட்டீங்களே மேடம்!” அங்கே எல்லோருக்கும் நான் மேடம். இருபது வருடமாகக் கேட்டுப் பழகிய வார்த்தை. “அத்தை, மடக்குங்க, இன்னும் மடக்குங்க, நடிக்காதீங்க” என்று ஒருத்தி வீட்டில் விரட்டிய பிறகு அது யாரையோ கூப்பிடுவது மாதிரி இருக்கிறது.

யோசித்தால் சிரிப்பு வருகிறது. பதிவு அலுவலகத்தில் காலையில் நீயும் என் மகனும் கல்யாணக் கையெழுத்துப் போட்டீர்கள். சாயங்காலமே அவன் கடலுக்கு நடுவில் இருக்கும் எண்ணெய்க் கிணற்றுக்கு ரயிலேறினான். நாலு பேரைக் கூப்பிட்டுச் செய்வதை அடுத்த லீவில் செய்துகொள்ளலாம் என்றோம். அதற்குள் நான் தண்ணீர்த் தொட்டிப் படியில் விழுந்து முழங்காலை உடைத்துக்கொண்டேன். முழங்காலை மடக்க வைக்கும் தெரபிஸ்ட் நீ, லீவு போட்டு ஓடி வந்தாய். உனக்குக் கல்யாணம் ஆனது என் மகனோடா, என் முழங்காலோடா என்று எனக்கே சந்தேகம்.

ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன், கத்தாதே. நீ தினமும் ராத்திரி என் உள்ளங்கையில் வைத்த வலி மாத்திரைகளில் ஒன்றைக்கூட நான் விழுங்கவில்லை. வயிறு எரிகிறது. எல்லாவற்றையும் தலையணை உறைக்குள் தள்ளிவிட்டேன். இன்று துவைக்க உருவியபோது பாசிமணி மாதிரி கொட்டின. தூக்கம் அரைகுறைதான். ஆனாலும் பக்கத்தில் இன்னொரு மூச்சு கேட்டுக்கொண்டிருந்தது, அது போதுமாக இருந்தது.

நீ படுத்த மடக்குக் கட்டிலை இன்னும் மடக்கவில்லை. கீழ்வீட்டு டெய்லர் கேட்கிறார்: “மருமகப்பொண்ணு போனதிலிருந்து படியில சத்தமே இல்லையே?”

வேளைக்குச் சாப்பிடு.

உன் அத்தை

*

மார்ச் 17

அன்புள்ள அத்தைக்கு,

நலம். உங்கள் முழங்காலின் நலம்தான் எனக்கு முக்கியம், உங்களுடையது அப்புறம்.

மாத்திரை விஷயம் படித்துவிட்டு வார்டிலேயே “அடப்பாவி அத்தை!” என்று கத்திவிட்டேன். பத்து வருட சர்வீஸ் உள்ள திருட்டு நோயாளிகளைப் பார்த்திருக்கிறேன். உங்கள் கால் தூசிக்கு வரமாட்டார்கள்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். படி ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது வலிக்கிற கால் முதலில். மாற்றி வைத்தால் மறுபடியும் நான் வர வேண்டியிருக்கும். அந்த ஆசையில் மாற்றி வைத்துவிடாதீர்கள்.

அவர் உங்களிடம் பேசினாரா? நான் அங்கே இருந்தபோது உங்களைப் பார்க்க லீவில் வந்திருந்த அந்த இரண்டு நாளுக்குப் பிறகு ஒரே ஒரு தடவைதான் எனக்குப் பேசினார். அங்கே சிக்னல் இல்லை போலிருக்கிறது. போகும்போது என்னை எழுப்பாமல் போனது பற்றி நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டபோது, “தூங்கற பிள்ளையை எதுக்கு எழுப்பணும்னு நினைச்சிருப்பான்” என்றீர்கள். அப்படித்தான் இருக்கும். சும்மா கேட்டேன்.

கட்டிலை மடக்க வேண்டாம். அடுத்த லீவுக்குத் தேவைப்படும்.

பத்து தடவை மடக்கி நீட்டவும். ஏழில் நிறுத்தக் கூடாது.

அன்புடன்,
உங்கள் ஹெட்மாஸ்டர்

*

ஏப்ரல் 8

அன்புள்ள அத்தைக்கு,

நலமாக இருக்கிறீர்களா? என் கடிதத்துக்குப் பதில் வரவில்லை. ஏன் வரவில்லை என்று இப்போது தெரிந்துவிட்டது.

அவர் எழுதியிருக்கிறார். அங்கே கூட வேலை செய்கிற ஒரு பெண். நம் கல்யாணப் பேச்சு தொடங்குவதற்கு முன்பே சண்டை போட்டுப் பிரிந்தவர்கள், இப்போது மறுபடி சேர்ந்துவிட்டார்களாம். என் மேல் ஒரு குறையும் இல்லையாம். இதை ஒரே பக்கத்தில் மூன்று இடத்தில் எழுதியிருக்கிறார். “அம்மா ரொம்ப சந்தோஷமா இருந்தாங்க. எந்த இடத்துல நிறுத்தறதுன்னு எனக்குத் தெரியல” என்று ஒரு வரி.

உங்களிடம் முதலிலேயே சொல்லிவிட்டதாகவும் எழுதியிருக்கிறார்.

உங்கள் மேல் கோபமில்லை அத்தை. ஒரு வரி எழுதியிருக்கலாம்.

முழங்கால் எப்படி இருக்கிறது?

*

ஏப்ரல் 19

அன்புள்ள ஹெட்மாஸ்டருக்கு,

நீ நலமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. கேட்காமலும் இருக்க முடியவில்லை.

உன் மார்ச் மாதக் கடிதம் வந்த அன்று சாயங்காலம்தான் அவன் பேசினான். நீ கேட்டிருந்ததையே அவனிடம் கேட்டேன். “ஏன்டா, அந்தப் பொண்ணுகிட்ட பேசறதில்லையா?”

 காற்றுச் சத்தத்துக்கு நடுவே அந்த இன்னொரு பெண்ணைப் பற்றிச் சொன்னான்.

“விளையாட்டாடா இது? கையெழுத்துப் போடும்போது உனக்குக் கை இல்லையா, வாய் இல்லையா?”

“உன் முகத்தைப் பார்த்தேம்மா.”

“என் முகத்துல என்ன இருந்துச்சு?”

“அப்பா போனதுக்கப்புறம் நீ அப்படிச் சிரிச்சு நான் பார்த்ததே இல்ல.”

 நான் சிரித்தது தப்பாகிவிட்டது. வைத்துவிட்டேன். பிறகு நானே கூப்பிட்டுக் கத்தினேன், கெஞ்சினேன், அழுதேன். அவன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான். மாறவில்லை. அடித்துத் திருத்துகிற வயதா? பெற்றவள் என்ற அதிகாரம் அவன் சட்டை போடக் கற்றுக்கொண்ட நாளோடு முடிந்துவிட்டது போலிருக்கிறது.

உனக்கு எழுத உட்கார்ந்தேன். தினமும் உட்கார்ந்தேன். ‘அன்புள்ள’ என்று எழுதுவேன். அடுத்த வார்த்தை எழுத எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியாமல் எழுந்துவிடுவேன். நீ எந்த முடிவு எடுத்தாலும் நான் உன் பக்கம்தான். அதனால் உனக்கு என்ன பிரயோஜனம் என்றுதான் தெரியவில்லை.

முழங்கால் இருக்கிறது. பத்து தடவையும் மடக்குகிறேன்.

அத்தை

*

மே 2

அன்புள்ள அத்தைக்கு,

நலம். உங்கள் கடிதத்தைப் பல தடவை படித்தேன். உங்கள் பக்கம் எனக்குப் பிரயோஜனப்படுகிற நேரம் வந்துவிட்டது. அதுதான் எழுதக் கஷ்டமாக இருக்கிறது.

வக்கீலைப் பார்த்தேன்.

“எவ்வளவு நாள் சேர்ந்து இருந்தீங்க?”

“சேர்ந்தே இருக்கல சார். அன்னைக்கு சாயங்காலமே ரயிலேறிட்டார்.”

“அருமை!” என்றார். என் கதையைக் கேட்டு அருமை என்ற முதல் ஆள் அவர்தான். “அப்ப இது விவாகரத்து இல்லம்மா, ரத்து. விவாகரத்துன்னா எழுதினதைக் கோடு போட்டு அடிக்கிறது. கோடும் தெரியும், அடியில எழுத்தும் தெரியும். ரத்துன்னா ரப்பர். காகிதம் பழையபடி வெள்ளை.”

விவாகரத்து என்றால் மனுப் போடவே ஒரு வருடம் காத்திருக்க வேண்டுமாம். அப்புறம் எத்தனை வருடம் இழுக்குமோ. எனக்கு மேல்படிப்புக்கு வெளிநாட்டில் இடம் கிடைத்திருக்கிறது, வழக்கு இருக்கும்வரை நகர முடியாது. அப்பா இப்போதெல்லாம் வாசலுக்கே வருவதில்லை. எனக்கு ரப்பர்தான் வேண்டும் அத்தை.

அப்போதுதான் உங்கள் வீட்டில் தங்கியதைச் சொன்னேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

“மாமியார் வீட்டுல மூணு வாரமா? அதுல அவரும் ரெண்டு நாள் வந்தாரா? ஏம்மா, இதை முதல்லயே சொல்லக் கூடாதா?”

“முட்டி உடைஞ்சிருந்தது சார்.”

“யாருக்கு?”

“அத்தைக்கு.”

“அந்த வார்த்தையை இனிமே வாயில எடுக்காதீங்க.”

மருமகளாக வந்து தங்கினேன், கணவரும் வந்து அதே வீட்டில் இருந்தார் என்றால் சேர்ந்து வாழ்ந்ததாகத்தான் கோர்ட் எடுத்துக்கொள்ளுமாம். அதனால் நான் வைத்தியத்துக்கு வந்தவள். நீங்கள் நோயாளி. நான் தெரபிஸ்ட். அவ்வளவுதான். உங்கள் மகனும் ஒத்துக்கொண்டுவிட்டார். ஆனால் நீதிபதி நம்ப வேண்டியது உங்களைத்தான். சாட்சி நீங்கள் ஒருவர்தான்.

அவர் இருந்த இரண்டு ராத்திரியும் நான் உங்கள் அறையில் மடக்குக் கட்டிலில்தான் படுத்தேன் என்று சொல்ல வேண்டும். இரண்டாம் நாள் நீங்கள் நன்றாகத் தூங்கிவிட்டீர்கள், இல்லையா?

இனிமேல் எழுதினால் யார் எடுத்துப் படித்தாலும் பாதகமில்லாத மாதிரி எழுதச் சொல்லியிருக்கிறார். அதனால் இந்த ஒரு தடவை நிறைய எழுதிக்கொள்கிறேன். அத்தை. அத்தை. அத்தை.

*

மே 20

அன்புள்ள பிள்ளைக்கு,

நலம். உன் நலத்துக்காக எதைச் சொல்லச் சொன்னாலும் சொல்கிறேன்.

எங்கள் ஆய்வகத்தில் ‘இல்லை’ என்று எழுதும் வழக்கம் கிடையாது. தண்ணீரில் ஒன்றைத் தேடுகிறோம், கிடைக்கவில்லை என்றால், ‘கண்டறியும் அளவுக்குக் கீழே’ என்றுதான் எழுதுவோம். எங்கள் கருவிக்குத் தெரியவில்லை என்பதால் அது அங்கே இல்லை என்று ஆகிவிடாது. புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் ‘இல்லை’ என்று எழுதினால் நான்தான் அடித்துத் திருத்துவேன். இப்போது ஒரு வீட்டில் மூன்று வாரம் மருமகள் என்று யாரும் இல்லை என்று நானே போய்ச் சொல்ல வேண்டும். சொல்கிறேன்.

நீ கேட்ட இரண்டாம் நாள்: நன்றாகத் தூங்கிவிட்டேன். மாத்திரை போட்டால் எனக்கு இடி விழுந்தாலும் தெரியாது.

டெய்லரிடம் பேசினேன். யாராவது வந்து விசாரித்தால், நீ வைத்தியத்துக்கு வந்த பெண் என்று சொல்லச் சொன்னேன். “எனக்கு வாயே கிடையாது மேடம், ஊசி மட்டும்தான்” என்றார். பிறகு மிஷினை நிறுத்திவிட்டு, “அந்தப் பொண்ணு என்னையே மாமான்னு கூப்பிடும்” என்றார். நான் மேலே வந்துவிட்டேன்.

கட்டிலை மடக்கிவிட்டேன். யாராவது வந்து பார்த்தால் என்னாவது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

*

ஜூன் 11

மதிப்பிற்குரிய மேடம் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் வலது முழங்கால் நலமாக இருக்கும் என்று நம்புகிறேன்.

எலும்பு முறிவுக்குப் பின் இந்தக் கட்டத்தில் நோயாளிகள் பயிற்சியைக் கைவிடுவது வழக்கம். தாங்கள் அந்த ரகம் என்பது என் தொழில்முறைக் கருத்து. ஏழில் நிறுத்தாமல் பத்து வரை செய்யவும். மழைக் குளிர் உள்ள நாளில் முழங்காலுக்குக் கம்பளி சுற்றவும். பழுப்பு நிறத்தில் ஒன்று அலமாரியின் கீழ்த்தட்டில் உள்ளது. அது வைத்தியம் செய்தவருடையது. தாங்களே வைத்துக்கொள்ளலாம்.

தனியாகச் சாப்பிடும் நோயாளிகள் நின்றுகொண்டே சாப்பிட்டு முடித்துவிடுகிறார்கள். அது முழங்காலுக்கு நல்லதல்ல. வேறு எதற்கும் நல்லதல்ல.

விசாரணை ஜூலை கடைசியில் என்று தெரிவிக்கிறார்கள்.

தங்கள் உண்மையுள்ள,
தெரபிஸ்ட்

*

ஜூன் 25

மதிப்பிற்குரிய தெரபிஸ்ட் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஆலோசனைக்கு நன்றி. நோயாளி உட்கார்ந்துதான் சாப்பிடுகிறாள். எதிர் நாற்காலியில் கம்பளியைப் போட்டு வைத்திருக்கிறாள். முழங்காலைவிட நாற்காலிக்குத்தான் அதிகம் குளிர்கிறது.

நோயாளி தினமும் பேருந்து நிறுத்தத்தில் நின்றபடி தன் சாட்சியைச் சொல்லிப் பார்க்கிறாள். ‘வைத்தியத்துக்கு வந்தாங்க. மேடம்னு கூப்பிடுவாங்க.’ பக்கத்தில் நின்ற ஒருவர் நேற்றுத் தள்ளிப் போய் நின்றுகொண்டார். முதலில் நாக்கு தடுமாறியது. இப்போது சரளமாக வருகிறது. தெரபிஸ்ட் கவலைப்பட வேண்டாம்.

இப்படிக்கு,
நோயாளி

*

ஆகஸ்ட் 3

அன்புள்ள ஹெட்மாஸ்டருக்கு,

நலமா? ரத்து ஆகிவிட்டது என்று வக்கீல் ஃபோனில் சொன்னார். இனி யார் படித்தாலும் கவலையில்லை. அதனால் பழையபடி எழுதுகிறேன்.

விசாரணை அன்று கோர்ட்டில் உன்னோடு ஒரு வார்த்தை பேச முடியவில்லை. நீ உன் அப்பாவுக்குப் பக்கத்தில் இருந்தாய். என் மகன் எனக்குப் பக்கத்தில். நடுவில் அந்த அகலமான நடைபாதை, வார்னிஷ் போன பெஞ்சுகள். அவன் மெலிந்துவிட்டான். இந்த நிலைமையிலும் அது என் கண்ணில் பட்டதே என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

சாட்சிக் கூண்டுப் படியில் நல்ல காலை முதலில் வைத்து ஏறினேன். நீ பார்த்தாய். உன் உதடு அசைந்தது.

நீதிபதி அம்மாள் மென்மையாகத்தான் கேட்டார். அதுதான் என்னைக் குழப்பிவிட்டது.

“இவங்க உங்க வீட்டுக்கு எதுக்கு வந்தாங்க?”

“என் முழங்காலுக்கு வைத்தியம் பார்க்க வந்தாங்க.”

“உங்களை எப்படிக் கூப்பிடுவாங்க?”

“மேடம்னு.”

“மருமகள்ங்கிற எண்ணம் இல்லாமலா அவ்வளவு நாள் ராத்திரி பகலா பாத்துக்கிட்டாங்க?”

வக்கீல் எனக்குச் சொல்லிக் கொடுத்தது ‘இல்லை’ என்ற ஒரு வார்த்தை. அது போதும். ஆனால் நீதிபதி நம்பவில்லையோ என்று பயந்துவிட்டேன். நம்பவில்லை என்றால் உனக்கு ரப்பர் கிடைக்காதே. அதனால் நானாகச் சேர்த்துச் சொன்னேன்: “அவங்களுக்கு அது வேலைங்க. எனக்கும் யார் வந்திருந்தாலும் ஒண்ணுதான்.”

என் குரலை நானே கேட்டேன். ஒத்திகை பார்த்த குரல். தடுமாறவே இல்லை. நீ தலையைக் குனிந்தாய்.

இறங்கும்போது கால் மாறிவிட்டது. நல்ல காலை முதலில் வைத்துத் தடுக்கினேன். நீ பாதி எழுந்துவிட்டாய். உன் வக்கீல் உன் கையைப் பிடித்து அழுத்தினார். நீ உட்கார்ந்துவிட்டாய். யாரோ ஒரு சிப்பந்தி என் முழங்கையைப் பிடித்தார்.

உனக்காகத்தான் சொன்னேன். உனக்கே தெரியும். தெரியும் என்று ஒரு வரி எழுது.

உன் அத்தை

*

செப்டம்பர் 6

அன்புள்ள பிள்ளைக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லையே? முந்தைய கடிதம் வந்து சேரவில்லையோ என்று எழுதுகிறேன். முழங்கால் பரவாயில்லை. கட்டிலை மறுபடி விரித்து வைத்திருக்கிறேன், அது சும்மா.

அத்தை

*

அக்டோபர் 14

மதிப்பிற்குரிய மேடம்,

நலம். தாங்களும் நலமாக இருக்க வேண்டும். இரண்டு கடிதங்களும் வந்தன. அடுத்த வாரம் கிளம்புகிறேன். படிப்பு முடிய இரண்டு வருடம் ஆகும்.

வக்கீல் தடுக்கவில்லை. பழைய வார்த்தையையே எழுதலாம். நேற்று மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். எழுதினால் உடனே உங்கள் குரல் கேட்கிறது, “யார் வந்திருந்தாலும் ஒண்ணுதான்.” எனக்காகச் சொன்னீர்கள். தெரியும். நான்தான் சொல்லச் சொன்னேன். ஆனால் காதுக்கு அது தெரியமாட்டேன் என்கிறது.

இன்னொன்றும் சொல்லிவிட்டுப் போகிறேன். அந்த இரண்டாம் நாள் மாத்திரை போட்டுத் தூங்கிவிட்டதாக எழுதினீர்கள். மாத்திரை எல்லாம் தலையணை உறைக்குள் இருந்ததாக மார்ச்சில் எழுதியதும் நீங்கள்தான். அப்படியென்றால் சமையலறையில் நானும் அவரும் விடியும்வரை சிரித்துக்கொண்டிருந்தது உங்களுக்குக் கேட்டிருக்கும். பேசிக்கொண்டுதான் இருந்தோம். டீ போட்டோம், பால் பொங்கி அடுப்பு அணைந்தது, அதற்கும் சிரித்தோம். சேர்ந்து வாழவில்லை என்று கோர்ட்டில் நான் சொன்னது பொய்யில்லை. ஆனாலும் எனக்குக் கல்யாணம் என்று ஏதாவது நடந்திருந்தால் அது அங்கேதான் நடந்தது. அது நடக்கவில்லை என்று இப்போது தீர்ப்பு இருக்கிறது. கேட்ட ஒரே ஆள் நீங்கள். உங்களுக்கு எழுதிக்கொண்டே இருந்தால், அது நடந்ததாகவே இருக்கும். எனக்கு அது தாங்காது.

கட்டிலை மடக்கிவிடுங்கள். குனியும்போது முழங்காலை மடக்காமல் குனியாதீர்கள், இடுப்பு பிடித்துக்கொள்ளும்.

தங்கள்,
தெரபிஸ்ட்

*

அக்டோபர் 20

மதிப்பிற்குரிய தெரபிஸ்ட் அவர்களுக்கு,

நலம். நீங்கள் நல்லபடியாகப் போய்ச் சேர வேண்டும். இந்தக் கடிதம் நீங்கள் கிளம்புவதற்குள் கிடைக்குமோ என்னவோ. கிடைத்தாலும் பதில் வேண்டாம்.

சமையலறைச் சத்தம் பற்றி எழுதியிருந்தீர்கள். எங்கள் ஆய்வக முறைப்படியே சொல்லிவிடுகிறேன்: கண்டறியும் அளவுக்கு மேலேயே இருந்தது. அதற்கு மேல் நான் எதுவும் எழுதவில்லை.

கட்டிலை மடக்கியாயிற்று. முழங்காலை மடக்கித்தான் குனிந்தேன்.

இன்று மறுபடி, நான் விழுந்த அதே தொட்டிக்குத் தண்ணீர் மாதிரி எடுக்கப் போனேன். வேறு ஆளை அனுப்புகிறேன் என்றார்கள், வேண்டாம் என்றேன். ஏறும்போது நல்ல கால் முதலில். மேலே காற்று பலமாக இருந்தது. பாட்டிலை நிரப்பி, மூடி, தேதி எழுதினேன். கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். பிறகு வலிக்கிற காலை முதலில் வைத்தேன். கீழே இருந்து எண்ணச் சொல்லி அதட்ட யாருமில்லை. நானே எண்ணிக்கொண்டு இறங்கினேன். ஏழில் நிறுத்தவில்லை.

இப்படிக்கு,
நோயாளி